சேக்கல், திராக்மா, தாலந்து: பழங்கால வெள்ளி எடைகளை மாற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாகமம் படிப்பவர்களும் கிரேக்க வரலாறு படிப்பவர்களும் ஒரே இடத்தில் தடுமாறுகிறார்கள். இரண்டிலும் தாலந்து வருகிறது, இரண்டிலும் மினா வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் எடையும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுவிடுகிறோம். விடை மூன்றில் ஒரு பங்கு வரை தவறிப்போகிறது. இந்தப் பக்கம் வெள்ளியின் எடையைப் பற்றியது. பொன்னுக்குச் சில ஊர்களில் வேறு அளவுகள் இருந்தன. அதை இங்கே எடுக்கவில்லை.

ஒரு சேக்கல் எத்தனை திராக்மா? நேராக ஒரு எண் கிடைக்குமா?

யூதா நாட்டுச் சேக்கல் சுமார் 11.33 கிராம். அத்தேனிய திராக்மா சுமார் 4.31 கிராம். ஆகவே ஒரு சேக்கல் ஏறக்குறைய 2.63 திராக்மா. எருசலேமில் அரசர்கள் ஆண்ட காலத்தின் கடைசி நூற்றாண்டுகளையும், அத்தேன்ஸ் செழித்திருந்த கி.மு. 5ஆம் நூற்றாண்டையும் ஒப்பிடுவதானால் இந்த எண் போதும்.

ஆனால் புத்தகங்களில் "ஒரு சேக்கல் 2 திராக்மா" என்றும் "4 திராக்மா" என்றும் பார்த்திருப்பீர்கள். அவை அச்சுப் பிழைகள் அல்ல. வேறு காலத்துச் சேக்கலை வேறு ஊர் திராக்மாவோடு சேர்த்துச் சொன்னவை. அதனால்தான் யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, "எந்த ஊர், எந்தக் காலம்?" என்று. அது தெரிந்தால் கிராமுக்கு மாற்றுங்கள், அப்புறம் கிராமிலிருந்து மற்ற அளவுக்குப் போங்கள். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நேரே தாவ வேண்டாம்.

அத்தேனிய அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

6 ஓபோல் ஒரு திராக்மா, 100 திராக்மா ஒரு மினா, 60 மினா ஒரு தாலந்து. எடையாகப் பார்த்தால் ஓபோல் 0.72 கிராம், திராக்மா 4.31 கிராம், மினா 431 கிராம், தாலந்து 25.86 கிலோ. ஆந்தை பொறித்த புகழ்பெற்ற அத்தேனியக் காசு நான்கு திராக்மா, சுமார் 17.2 கிராம். மினாவும் தாலந்தும் காசாக அச்சடிக்கப்பட்டவை அல்ல. அவை எடையும் கணக்குத் தொகையும்தான்.

வேதாகமத்தில் ஒரு தாலந்துக்கு எத்தனை சேக்கல்? எங்கே எழுதியிருக்கிறது?

"ஒரு தாலந்து என்பது இத்தனை சேக்கல்" என்று நேரடியாகச் சொல்லும் வசனம் கிடையாது. ஆனால் யாத்திராகமம் 38ஆம் அதிகாரத்தில் கணக்கு ஒளிந்திருக்கிறது. எண்ணப்பட்ட ஆண்கள் 603,550 பேர். ஆளுக்கு அரைச் சேக்கல். மொத்தம் 301,775 சேக்கல். அதே தொகையை அந்த வசனம் 100 தாலந்தும் 1,775 சேக்கலும் என்று சொல்கிறது. 1,775ஐக் கழித்தால் மீதி 300,000 சேக்கல், அதாவது 100 தாலந்து. ஆகவே ஒரு தாலந்து 3,000 சேக்கல். நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பழைய நூல் ஒன்று தன் அளவுமுறையைத் தானே நிரூபித்துக் காட்டுவது அபூர்வம்.

3,000 சேக்கலை 11.33ஆல் பெருக்கினால் சுமார் 34 கிலோ. அத்தேனிய தாலந்து 25.86 கிலோ. எனவே யூதா தாலந்து ஒன்று அத்தேனிய தாலந்தில் 1.31.

அரைச் சேக்கலுக்குப் பெக்கா என்று பெயர், 5.67 கிராம். சேக்கலில் இருபதில் ஒரு பங்கு கேரா. இது யாத்திராகமம் 30:13இலும் எசேக்கியேல் 45:12இலும் இருக்கிறது. அந்தக் கணக்கில் கேரா 0.57 கிராம், அத்தேனிய ஓபோலைவிடக் கொஞ்சம் குறைவு.

11.33 கிராம் என்ற எண் எங்கிருந்து வந்தது?

கற்களிலிருந்து. கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 6ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை யூதாவில் புழங்கிய எடைக்கற்கள் எருசலேம், லாகீஸ் போன்ற இடங்களில் நிறையக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் சுண்ணாம்புக்கல், அடிப்பக்கம் தட்டையாகவும் மேல்பக்கம் குமிழ் போலவும் இருக்கும். மேலே சுருக்குக் கயிறு போன்ற ஒரு குறியும், எகிப்திய எழுத்து முறையில் ஓர் எண்ணும் வெட்டியிருக்கும். இவற்றைத் தராசில் நிறுத்துச் சராசரி பார்த்துத்தான் 11.33 வந்தது.

ஏன் எகிப்திய எண்? 8 சேக்கல் என்றால் 90.6 கிராம். எகிப்தின் தெபென் என்ற எடை சுமார் 91 கிராம். எட்டுச் சேக்கல் கல்லில் எகிப்திய முறையில் 10 என்று இருக்கும், ஏனென்றால் ஒரு தெபென் பத்துக் கெதெத். ஆக, எகிப்தோடு வியாபாரம் பேச வசதியாகவே இந்தச் சேக்கல் அமைந்திருக்கிறது. கல்லின் எடையும் அதில் வெட்டிய எண்ணும் இப்படி ஒத்துப்போவதால்தான் இந்த எண்ணை நம்பிக்கையோடு பயன்படுத்துகிறேன்.

இதே கற்களில் "பீம்" என்று எழுதியவையும் உண்டு, சுமார் 7.8 கிராம். 1 சாமுவேல் 13:21இல் இந்தச் சொல் வருகிறது. பெலிஸ்தர் கலப்பைக் கொழுவைத் தீட்டிக் கொடுக்க வாங்கிய கூலி அது. கற்கள் கண்டெடுக்கப்படும் வரை அது ஒரு எடை என்றே தெரியாமல் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் திண்டாடினார்கள். அத்தேனியக் கணக்கில் அது 1.8 திராக்மா.

மினாவுக்கு 50 சேக்கலா, 60ஆ, 100ஆ?

பாபிலோனில் 60. அங்கே சேக்கல் சிறியது, சுமார் 8.4 கிராம், எனவே மினா 504 கிராம், 60 மினா கொண்ட தாலந்து சுமார் 30 கிலோ. யூதாவில் 50 என்று வைத்தால் மினா 567 கிராம், தாலந்துக்கு 60 மினா என்பதும் சரியாக வரும்.

எசேக்கியேல் 45:12இன் எபிரெய வாசகத்தில் 20, 25, 15 என்று மூன்று தொகைகள் சேர்ந்து ஒரு மினா ஆகிறது, அதாவது 60. கிரேக்க மொழிபெயர்ப்போ 50 என்கிறது. எசேக்கியேல் பாபிலோனில் சிறைப்பட்டவர்களிடையே வாழ்ந்தவர் என்பதால் 60 எனக்கு இயல்பாகவே படுகிறது.

100 என்பது வேறொரு இடத்திலிருந்து வருகிறது. சாலொமோனின் சிறு கேடகங்களுக்கு 1 இராஜாக்கள் 10:17 மூன்று மினா பொன் என்கிறது. 2 நாளாகமம் 9:16 முந்நூறு என்கிறது. ஆனால் அந்த முந்நூறு எந்த அளவில் என்று எபிரெயத்தில் இல்லை. பெக்கா என்று கொண்டால் 100 பெக்கா 50 சேக்கல்தான், முரண்பாடே இல்லை. இதை வைத்து 100 சேக்கல் மினா ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதை நான் தவிர்ப்பேன்.

பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பு சேக்கலை "இரட்டைத் திராக்மா" என்கிறது. யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் "நான்கு அத்தேனிய திராக்மா" என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் அவரவர் கையில் இருந்த காசைப் பார்த்துச் சொன்னார்கள். எழுபதின்மர் மொழிபெயர்ப்பு எனப்படும் அந்தக் கிரேக்க மொழிபெயர்ப்பின் முதல் ஐந்து நூல்கள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிரேக்கமாயின. அங்கே தாலமி அரசர்களின் திராக்மா சுமார் 3.55 கிராம்தான். இரட்டைத் திராக்மா என்றால் 7.1 கிராம். அது 11.33ஐ எட்டவில்லை. அத்தேனிய இரட்டைத் திராக்மா 8.62 கிராம், அதுவும் எட்டவில்லை. ஆக, அந்த மொழிபெயர்ப்பு எடையை மாற்றித் தரவில்லை. சேக்கல் என்ற இடத்தில் வாசகருக்குப் பழக்கமான ஒரு காசின் பெயரை வைத்தது, அவ்வளவுதான். இதற்குச் சான்று யாத்திராகமம் 30:13இல் இருக்கிறது: "இருபது ஓபோல் ஒரு இரட்டைத் திராக்மா" என்று எழுதியிருக்கிறார்கள். கிரேக்க நாட்டில் எங்கே போனாலும் இரட்டைத் திராக்மாவுக்குப் பன்னிரண்டு ஓபோல்தான். இங்கே ஓபோல் என்பது கேராவுக்குப் பதிலாக நிற்கிறது. இந்த வசனத்தை வைத்து ஓபோல் எடையைக் கணக்கிட்டால் எல்லாமே கெட்டுப்போகும்.

யோசேப்பஸ் கி.பி. முதல் நூற்றாண்டுக்காரர். அவர் அறிந்த சேக்கல் தீரு நகரத்து வெள்ளிக்காசு, 14 கிராமுக்குச் சற்று மேல். அவர் காலத்தில் "அத்தேனிய திராக்மா" என்று பேசியது ரோமரின் வெள்ளிக்காசான தெனாரியத்துக்கு ஈடான திராக்மாவை. தெனாரியம் அகஸ்து காலத்தில் சுமார் 3.9 கிராம், நீரோ கி.பி. 64 வாக்கில் குறைத்த பிறகு சுமார் 3.4 கிராம். நான்கு சேர்த்தால் 15.6 அல்லது 13.6 கிராம். தீருவின் காசு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அவர் காலத்துக்கு அவர் சொன்னது சரி. அதை ஆபிரகாமுக்கும் எரேமியாவுக்கும் கொண்டுபோனால் தவறு.

மீனின் வாயில் கிடைத்த காசு எவ்வளவு?

மத்தேயு 17இல் தேவாலய வரியை "இரட்டைத் திராக்மா" என்று கிரேக்க மூலம் சொல்கிறது. ஆளுக்கு அரைச் சேக்கல் வரி அது. மீனின் வாயில் இருந்தது ஒரு ஸ்டேட்டர், அதாவது நான்கு திராக்மாக் காசு. இயேசுவுக்கும் பேதுருவுக்கும் சேர்த்து இரண்டு அரைச் சேக்கல், சரியாக ஒரு தீருச் சேக்கல். சுமார் 14.2 கிராம்.

கவனியுங்கள்: எழுபதின்மர் மொழிபெயர்ப்பில் முழுச் சேக்கல்தான் இரட்டைத் திராக்மா, மத்தேயுவில் அரைச் சேக்கலே இரட்டைத் திராக்மா. ஒரே சொல், இரண்டு மடங்கு வித்தியாசம்.

தீருச் சேக்கல் கி.மு. 126 வாக்கில் தொடங்கி கி.பி. 60கள் வரை அச்சடிக்கப்பட்டது. அதில் தீருவின் தெய்வமான மெல்கார்ட்டின் தலையும் கழுகும் இருந்தன. அப்படியும் எருசலேம் தேவாலயம் அதை ஏற்றது, ஏனென்றால் அதன் வெள்ளி தூய்மையானது, எடையும் மாறாதது.

இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய 30 வெள்ளிக்காசு?

மத்தேயு காசின் பெயரைச் சொல்லவில்லை, "வெள்ளிகள்" என்று மட்டும் சொல்கிறார். தலைமை ஆசாரியர்கள் கொடுத்தது என்பதால் தீருச் சேக்கல் என்று கொள்வது பொருத்தம். 30 × 14.2 = 426 கிராம். அத்தேனிய மினா 431 கிராம். கிட்டத்தட்ட ஒரு மினா. தெனாரியத்தில் 120.

யாத்திராகமம் 21:32இல் மாடு முட்டிக் கொன்ற அடிமைக்கு 30 சேக்கல் என்று வருகிறதே, அதை யூதா எடையில் போட்டால் 340 கிராம், 79 திராக்மா. எண் ஒன்றுதான், வெள்ளி ஒன்றல்ல.

ஒரு உதாரணத்தை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

எரேமியா 32 இதற்கு மிகப் பொருத்தம். யூதா அரசன் சிதேக்கியாவின் பத்தாம் ஆண்டு, அதாவது கி.மு. 588/587. பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்திருக்கிறது. எரேமியா ஆனதோத்தில் ஒரு நிலத்தை 17 சேக்கல் வெள்ளிக்கு வாங்குகிறார். வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுத்ததாக வசனமே சொல்கிறது. ஊர் யூதா, காலம் அந்த எடைக்கற்கள் புழங்கிய காலத்தின் கடைசி ஆண்டுகள். ஆகவே 11.33ஐத் தயங்காமல் எடுக்கலாம். 17 × 11.33 = 192.6 கிராம். அதை 4.31ஆல் வகுத்தால் 44.7. சுமார் 45 அத்தேனிய திராக்மா, அரை மினாவுக்குச் சற்றுக் குறைவு.

ஆபிரகாம் மக்பேலா நிலத்துக்குக் கொடுத்த 400 சேக்கலை இதே மாதிரி போட்டால் 4.5 கிலோ, சுமார் 1,050 திராக்மா. ஆனால் அங்கே "வியாபாரிகளிடத்தில் செல்லும்" வெள்ளி என்றுதான் இருக்கிறது. கதை நடக்கும் காலம் இந்தக் கற்களுக்குப் பல நூற்றாண்டு முந்தியது. எனவே "4.5 கிலோ அளவில்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

அரசர்கள் கட்டிய கப்பங்களை எப்படி மாற்றுவது?

2 இராஜாக்கள் 15இல் இஸ்ரவேல் அரசன் மெனாகேம் அசீரிய அரசன் பூலுக்கு 1,000 தாலந்து வெள்ளி கொடுக்கிறான். வசதியுள்ளவர்களிடம் தலைக்கு 50 சேக்கல் வசூலிக்கிறான். 3,000 சேக்கல் தாலந்தாக வைத்தால் 60,000 பேர். எடை 34,000 கிலோ, அதாவது 1,314 அத்தேனிய தாலந்து. அத்தேன்ஸ் தன் கூட்டணி நகரங்களுக்கு முதலில் விதித்த ஆண்டுக் கப்பம் 460 தாலந்து என்று கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் எழுதுகிறார். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மெனாகேமின் சுமை புரிகிறது. வாங்கிய அசீரியன் பாபிலோனைப் போல 30 கிலோ தாலந்தில் கணக்கு வைத்திருந்தால் இது 1,160 அத்தேனிய தாலந்தாகக் குறையும்.

யூதா அரசன் எசேக்கியா விவகாரம் வேறு. கி.மு. 701இல் அசீரிய அரசன் சனகெரிப் படையெடுத்து வந்தபோது வேதாகமப்படி 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். சனகெரிப்பின் கல்வெட்டுப்படி 800 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன். "தாலந்து எடை வேறு, அதனால்தான்" என்று சிலர் விளக்குவார்கள். எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. தாலந்துதான் வேறு என்றால் பொன்னும் மாறியிருக்க வேண்டும்; இரண்டு பக்கமும் பொன் 30தான். இந்த வித்தியாசத்தை எடை மாற்றத்தால் தீர்க்க முடியாது.

பாரசீகக் காலத்துச் சேக்கலுக்கு எந்த எண்?

இங்கே ஒரு கிரேக்கர் நமக்கு நேரடி உதவி செய்கிறார். கி.மு. 401இல் பாரசீகத்துக்குள் படையோடு போன செனபோன், சிக்லோஸ் (சேக்கல் என்பதன் கிரேக்க வடிவம்) என்ற பாரசீகக் காசு ஏழரை அத்தேனிய ஓபோலுக்குச் சமம் என்று எழுதிவைத்தார். 7.5 × 0.72 = 5.4 கிராம். இன்று கிடைக்கும் சிக்லோஸ் காசுகள் 5.4 முதல் 5.6 கிராம் வரை நிற்கின்றன.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பாபிலோனிய தாலந்தை யூபோயா என்ற கிரேக்கத் தீவின் மினாவில் சொல்கிறார். அந்த மினா அத்தேனிய மினாவுக்குச் சமம். கையெழுத்துப் பிரதிகளில் 70 என்று இருக்கிறது. அவர் தரும் கூட்டுத்தொகைகளோடு பொருந்த அறிஞர்கள் 78 என்று திருத்துகிறார்கள். 70 என்றால் 30.2 கிலோ, பாபிலோனிய எடை. 78 என்றால் 33.6 கிலோ, 6,000 சிக்லோஸ் எடை. இரண்டுக்கும் பொருள் இருப்பதுதான் இந்த இடத்தின் சுவை.

நெகேமியா 5:15இல் வரும் 40 சேக்கலுக்கு யூதா எடையில் 453 கிராம், பாபிலோன் எடையில் 336, சிக்லோஸ் என்றால் 224. மூன்றையும் எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

கிரேக்கர்கள் எல்லாருக்கும் ஒரே திராக்மாதானே?

இல்லை. ஏகினா தீவின் திராக்மா சுமார் 6.1 கிராம். கொரிந்து 8.6 கிராம் ஸ்டேட்டரை மூன்றாகப் பிரித்தது, ஆகவே அங்கே திராக்மா 2.9 கிராம். அத்தேன்ஸுக்குள்ளேயே சந்தை மினா வேறு, காசு மினா வேறு: கி.மு. 2ஆம் நூற்றாண்டின் ஒரு அத்தேனியச் சட்டம் சந்தை மினா 138 திராக்மா எடை இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளி என்றால் 100 திராக்மா மினாவையே எடுங்கள்.

தமிழ் வேதாகமத்தில் "ராத்தல்", "பணம்" என்று வருவதை எப்படி எடுப்பது?

பழைய திருப்புதலில் லூக்கா 19இல் வரும் ராத்தல் கிரேக்க மினா. அதை ஆங்கிலேயர் கால ராத்தலாக, இலங்கையில் இன்றும் பாணுக்கு (ரொட்டிக்கு) சொல்லும் 450 கிராமாக, எடுக்கக்கூடாது. முதல் நூற்றாண்டில் அது 100 தெனாரியத்துக்குச் சமமான தொகை, சுமார் 390 கிராம் வெள்ளி. எசேக்கியேலில் அதே ராத்தல் என்ற சொல் எபிரெய மினாவுக்கு நிற்கிறது. மத்தேயு 20இல் திராட்சைத் தோட்டத்து நாள்கூலியான "ஒரு பணம்" தெனாரியம். லூக்கா 15இல் பெண் தேடும் வெள்ளிக்காசு திராக்மா.

மத்தேயு 18இல் இயேசு சொல்லும் கதையில் வரும் பத்தாயிரம் தாலந்துக் கடன் எவ்வளவு பெரியது?

தாலந்துக்கு 6,000 தெனாரியம் என்று வைத்தால் 6 கோடி தெனாரியம். அதே கதையில் சக ஊழியன் பட்ட கடன் 100 தெனாரியம். விகிதம் ஆறு லட்சத்துக்கு ஒன்று. இங்கே கிராம் கணக்கு தேவையில்லை.

இன்றைய ரூபாயில் சொல்லலாமா?

வெள்ளி விலையால் பெருக்கிச் சொல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இன்றைய வெள்ளி விலை, ஒரு தெனாரியத்துக்கு அன்று இருந்த மதிப்பைக் காட்டாது. அன்று ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்தேன்ஸில் கைத்தொழிலாளிக்கு நாளுக்கு ஒரு திராக்மா. கூலி நாட்களாகச் சொன்னால் வாசகருக்குப் பிடிபடும்.

முசிறி ஆவணத்தில் வரும் தாலந்தும் இதே தாலந்துதானா?

பெயர் அதே, 6,000 திராக்மா என்பதும் அதே. ஆனால் வெள்ளி அதே அல்ல. வியன்னாவில் இருக்கும் அந்தப் பாப்பிரஸ் கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சேர நாட்டு முசிறியிலிருந்து ஹெர்மபொல்லோன் என்ற கப்பல் எகிப்துக்குக் கொண்டுபோன சரக்கின் கணக்கு அதில் இருக்கிறது; கூட்டுத்தொகை 1,154 தாலந்து 2,852 திராக்மா. மொத்தம் 6,926,852 திராக்மா. இதை 4.31ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 30 டன் வெள்ளி வரும், அது தவறு. ரோமர் கால எகிப்தின் திராக்மா செம்பு நிறையக் கலந்த காசு. நான்கு சேர்ந்தால்தான் ஒரு தெனாரியம். சுமார் 17.3 லட்சம் தெனாரியம் என்று சொல்வதே சரி.

எந்த அளவு என்றே சொல்லாமல் "வெள்ளி" என்று மட்டும் இருந்தால்?

இடத்தைப் பாருங்கள். அப்போஸ்தலர் 19:19இல் எபேசுவில் எரித்த மந்திரப் புத்தகங்களின் விலை 50,000 வெள்ளி. கிரேக்க நகரம், ரோமர் ஆட்சி. ஆகவே திராக்மா அல்லது தெனாரியம். 3.9 கிராம் வைத்தால் 195 கிலோ, கணக்குத் தொகையாக 8 தாலந்தும் 2,000 திராக்மாவும். யோசேப்பை விற்ற 20 வெள்ளிக்கு அப்படிச் செய்யக்கூடாது. ஆதியாகமத்தில் காசு கிடையாது, அங்கே சேக்கல் எடைதான், 227 கிராம்.